ஆற்றிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர்

"ஆத்துல இருந்து எவ்வளவு தூரம்கா இருக்கும்?"

போன மாதம் எங்கள் வீட்டை விலைக்குக் கேட்டு வந்த தம்பி என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. தூத்துக்குடியில் வேலை பார்க்கிறவர். கூடவே மனைவி, கையில் ஒரு வயதுக் குழந்தை. ஹாலைப் பார்த்தார், கிச்சனைப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார். பிறகு வாசலுக்கு வந்து தெற்கே கையைக் காட்டி இதைக் கேட்டார்.

"ஒன்றரை கிலோமீட்டர்" என்றேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி. எனக்கோ அதற்கு மேல் பேச்சு வரவில்லை. 2017-ல் இதே இடத்தில், இதே பக்கம் கையைக் காட்டி, இதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். இதே பதில்தான் எனக்கும் கிடைத்தது. அன்றைக்கு எனக்கும் இதே நிம்மதி.

எங்கள் ஊர் தாமிரபரணியின் வடகரையில், ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஏரலுக்கும் நடுவே இருக்கிறது. ஊர்ப்பெயர் வேண்டாம். விற்க வேண்டிய வீடாயிற்றே! ஆற்றங்கரைத் தெருவில் தாத்தா கட்டிய பழைய ஓட்டு வீடு எங்களுடையது. திண்ணையில் உட்கார்ந்தால் படித்துறை தெரியும். ராத்திரி எல்லாரும் அடங்கியபிறகு தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும். நான் கல்யாணமாகி சென்னைக்கு வந்த புதிதில் அந்தச் சத்தம் இல்லாமல் பல நாள் தூக்கம் வராமல் கிடந்திருக்கிறேன்.

அப்பா, அம்மாவுக்கு வயதாகிக்கொண்டே வந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி. பழைய வீட்டில் வாசலுக்கு நாலு படி, நடைக்கு ஒரு படி, கழிவறையோ புறவாசலில். "எல்லாம் ஒரே மட்டத்துல, டைல்ஸ் போட்டு, அட்டாச்சுடு பாத்ரூமோட ஒரு வீடு கட்டிருவோம்" என்று ஆரம்பித்தது நான்தான். ஒரே மகள். என் பேச்சைத் தட்ட ஆள் கிடையாது.

அப்பா மட்டும் தட்டினார். "ஆத்தங்கரைய விட்டுட்டு வயக்காட்டுக்குள்ள போயி எதுக்குட்டி குடியிருக்கணும்?"

என்னிடம் பதில் தயாராக இருந்தது. 1992 நவம்பர் வெள்ளம். அப்போது நான் பிளஸ் டூ. ஆறு கரை தாண்டி எங்கள் தெருவுக்குள் வந்து, திண்ணைப் படியில் இரண்டு படி மறைந்தது. அதைக் கண்ணால் பார்த்தவள் நான். "இன்னொரு தடவை அதே மாதிரி வந்தா அம்மாவைத் தூக்கிட்டு ஓடுவீங்களா?" என்று கேட்டேன். அப்பா பேசாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். பேச்சில் நான் ஜெயித்துவிட்டேன்.

ஊருக்கு வடக்கே, பெரிய குளத்துக்குத் தெற்கே, நஞ்சையாக இருந்த இடத்தில் கல் நட்டு மனை போட்டிருந்தார்கள். நுழைவாயிலில் வளைவு, முப்பது அடி ரோடு, வரிசையாக தெருவிளக்கு. அப்பாவைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். அவர் வேப்பங்குச்சி ஒன்றை எடுத்து மண்ணில் குத்தினார். வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. குனிந்து ஒரு பிடி எடுத்துப் பிசைந்து உருட்டினார். உதிராமல் உருண்டையாக நின்றது. "களி. இங்கன நாத்துப் பாவுவோம். தை பிறந்தாலும் ஈரம் காயாது" என்றார்.

பழைய காலத்து மனுஷர், எதற்கும் ஒரு குறை சொல்வார் என்று நினைத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று ரோட்டிலிருந்து மூன்றடி உயர்த்தி அஸ்திவாரம் போட்டோம். ஐந்து சென்ட். கடன் பதினைந்து வருஷம்.

2023 டிசம்பர் முதல் வாரம் சென்னையில் மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், மூன்று நாள் கரன்ட் இல்லை. அப்பா போன் போட்டு, "பேசாம இங்கன வந்துருங்க, இங்க ஒரு தொந்தரவும் இல்ல" என்றார். அதற்கு இரண்டு வாரம் கழித்து, 17-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு நான் போன் செய்தேன். "மழை பிடிச்சுப் பெய்யுது, விடிஞ்சா விட்டுரும்" என்றார். அதுதான் கடைசி. மறுநாள் காலையிலிருந்து அவர் போன், அம்மா போன், பக்கத்து வீட்டுப் போன், எதுவும் எடுக்கவில்லை. பிறகு மணி அடிக்கவே இல்லை.

திங்கள், செவ்வாய், புதன். அந்த மூன்று நாளை எழுத எனக்கு வராது. டிவியில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனைக் காட்டினார்கள். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் அங்கே நின்றுபோய், எண்ணூறு பேர் வரை உள்ளே சிக்கியிருந்தார்கள். தண்டவாளத்துக்குக் கீழே ஜல்லியும் மண்ணும் அரித்துப் போய், இரும்பு மட்டும் அந்தரத்தில் தொங்கியது. அதைத் தாண்டித்தான் எங்கள் ஊருக்குப் போக வேண்டும்.

அந்த ஒரு நாளில் பெய்த மழைக் கணக்கு பிறகுதான் தெரிந்தது. 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. சென்டிமீட்டர் என்றால் மனதில் தைக்காது. நான் உட்கார்ந்து பெருக்கிப் பார்த்தேன். 62 செ.மீ. மழை ஒரு சென்ட் நிலத்தில் விழுந்தால் 25,000 லிட்டர். பெரிய தண்ணீர் லாரி இரண்டு. எங்கள் ஐந்து சென்டில் மட்டும் வானத்திலிருந்து நேராக விழுந்தது பத்து லாரித் தண்ணீர். ஆற்றிலிருந்தோ குளத்திலிருந்தோ ஒரு சொட்டுகூட இன்னும் இந்தக் கணக்கில் வரவில்லை.

வியாழக்கிழமை பகலில் ஊர் போய்ச் சேர்ந்தேன். கடைசி ஐந்து கிலோமீட்டர் டிராக்டரில்.

புது வீட்டில் நடந்தது இது. ஞாயிறு நள்ளிரவுக்குப் பிறகு வடக்கே பெரிய குளத்தின் கரை உடைந்திருக்கிறது. தண்ணீர் ஆற்றுப் பக்கமிருந்து வரும் என்று தெற்கு ஜன்னலிலேயே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம் அப்பா. அது சமையலறைக் கதவு வழியாக, வடக்கேயிருந்து வந்தது. அம்மாவை மாடிப்படியில் ஏற்றுவதற்குள் இடுப்பளவு. விடிந்தபோது நெஞ்சளவு. எதிர்வீட்டுக் குடும்பமும் சேர்ந்து ஏழு பேர், மாடிப்படிக் கூண்டுக்குள் இரண்டு ராத்திரி. அம்மாவின் சுகர் மாத்திரை பிரிட்ஜ் மேலே இருந்தது, பிரிட்ஜ் ஹாலில் மிதந்தது. ஒரு பாக்கெட் பொரிகடலையும் மழைத்தண்ணீரும்தான் சாப்பாடு. செவ்வாய் மத்தியானம் கடற்கரை ஊரிலிருந்து மீனவர்கள் படகோடு வந்து இறக்கியிருக்கிறார்கள். அந்தத் தம்பிகள் யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

இறக்கி எங்கே கொண்டுபோனார்கள்? ஆற்றங்கரைத் தெருவுக்கு. எங்கள் பழைய வீட்டுக்கு.

நான் போனபோது பழைய வீட்டில் முப்பது பேர் இருந்தார்கள். ஞாயிறு ராத்திரியே யாரோ பூட்டை உடைத்திருக்கிறார்கள். யார் என்று அப்பா இன்னும் விசாரிக்கவில்லை. புறவாசலில் பெரிய பானையில் கஞ்சி காய்ந்துகொண்டிருந்தது. அம்மா தாத்தாவின் கட்டிலில் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாட்டி, சாப்பிட்டியா?" என்றாள். எனக்கு அங்கேயே கால் மடங்கிவிட்டது.

ஆறு அந்தத் தெருவுக்கும் வந்திருக்கிறது. மூன்றாவது படி வரைக்கும் ஏறி, ஒரு பகல் நின்றுவிட்டு, இறங்கிவிட்டது. புது வீட்டிலோ தண்ணீர் ஒன்பது நாள் நின்றது.

ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிப் போனவர்களுக்கு நெஞ்சளவு. ஆற்றின் வாயிலேயே இருந்தவர்களுக்கு மூன்று படி. இது எப்படி? அந்த வாரம் முழுக்க என் தலைக்குள் இதுதான் ஓடியது. அப்பாவிடம் நேராகக் கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை. பழைய வீட்டில் நிவாரண அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா அம்மா கையிலிருந்த சுளகை வாங்கிக்கொண்டார். எங்கள் பக்கம் முறத்துக்குச் சுளகு என்று பெயர்.

"இந்தா பாரு. நம்ம ஆறுன்னா இந்தச் சுளகு மாதிரி" என்றார். "இந்த உசந்த விளிம்பு பொதிகை மலை. ரெண்டு பக்கமும் கொஞ்சம் தூக்கலா இருக்கா? வடக்கயும் தெக்கயும் இருக்க மேடு அது. வாய் திறந்து கெடக்கே, அது புன்னக்காயல் கடல். இதுக்குள்ள எங்கன தண்ணி விழுந்தாலும் இந்த வாய்க்குத்தான் வந்தாவணும். நாம ஆறு ஆறுன்னு சொல்லுதோமே, அது சுளகுக்கு நடுவுல இருக்க ஒரு கோடு. சுளகு முழுக்க ஆறுதான்."

நான் காலேஜில் புவியியல் படித்தவள் இல்லை. ஆனால், அதற்குப் பிறகு நிறையத் தேடிப் படித்தேன். அப்பா சொன்னதைத்தான் வடிநிலம் என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். பொதிகையின் முகட்டில், அகத்தியமலை 1,868 மீட்டர் உயரம். அந்த முகட்டுக்கு இந்தப் பக்கம் விழுகிற துளி தாமிரபரணிக்கு, அந்தப் பக்கம் விழுவது நெய்யாறு, கரமனையாறு வழியாகக் கேரளத்துக் கடலுக்கு. ஒரே மேகம், ஓரடி தள்ளி விழுந்தால் வேறு கடல்! வடக்கே ஒரு மேட்டைத் தாண்டினால் வைப்பாற்றின் சுளகு. தெற்கே தாண்டினால் கருமேனியாற்றின் சுளகு. நடுவில் மணிமுத்தாறு, கடனா நதி, பச்சையாறு எல்லாம் வந்து சேர்கின்றன. குற்றாலத்தில் நாம் தலையைக் கொடுத்துக் குளிக்கிறோமே, அந்தத் தண்ணீரும் சிற்றாறாக ஓடி சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து எங்கள் ஊருக்குத்தான் வருகிறது.

சுளகு என்று அப்பா சொன்னதில் இன்னொரு விஷயமும் இருந்தது. அது அவருக்கே தெரிந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். அம்மா புடைக்கும்போது கவனித்தேன். கனமான அரிசி உள்பக்கம் தங்குகிறது. நொய் நடுவில் வருகிறது. தவிடும் பதரும் வாய்ப்பக்கம் பறக்கின்றன. ஆறும் இதையேதான் செய்கிறது.

மலையில் சரிவு அதிகம், வேகம் அதிகம். பாறையையே புரட்டிக்கொண்டு வரும் பலம் தண்ணீருக்கு உண்டு. பாபநாசத்தில் இறங்கியதும் சரிவு குறைகிறது, கல்லைப் போட்டுவிடுகிறது. பாபநாசத்தில் குளித்தவர்களுக்கு அந்த உருண்டைக் கற்கள் காலில் நினைவிருக்கும். திருநெல்வேலி கடல்மட்டத்திலிருந்து 45 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து கடலுக்கு ஐம்பது கிலோமீட்டர் ஓட வேண்டும். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம்கூட இல்லை. அந்த மந்தமான நடையில் மணலைச் சுமக்கும் தெம்பு போய்விடுகிறது, மணலும் தங்குகிறது. மிஞ்சுவது வண்டல், மாவு மாதிரி. அதுதான் எங்கள் வாழையும் நெல்லும் ஆத்தூர் வெற்றிலையும். சிவகளையில் தோண்டியெடுத்த தாழிக்குள் இருந்த நெல் கி.மு. 1155-ஐச் சேர்ந்தது என்று 2021-ல் அறிவித்தார்கள். மூவாயிரம் வருஷத்துக்கு மேலாக இந்த ஆறு கொண்டுவந்து கொட்டிய மண்ணில் சோறு தின்கிறோம்.

இனி என் கேள்விக்கான பதில். வெள்ளக்காலத்தில் ஆறு கரை மீறும்போது, கலங்கல் தண்ணீர் வேகமாகக் கரையைத் தாண்டுகிறது. தாண்டியதும் பரந்து விரிகிறது. விரிந்ததும் வேகம் போய்விடுகிறது. வேகம் போன அந்த இடத்திலேயே, அதாவது கரையின் விளிம்பிலேயே, சுமந்துவந்த மணலைப் போட்டுவிடுகிறது. மெல்லிய களி மட்டும் தண்ணீரோடு தூரம் போய், தேங்குகிற பள்ளத்தில் மெதுவாகப் படிகிறது. ஒவ்வொரு வெள்ளத்திலும் இதேதான். ஆயிரம் வருஷம் இப்படி நடந்தால் என்ன ஆகும்? ஆற்றின் ஓரம் மேடாகிக்கொண்டே போகும். ஆற்றைவிட்டுத் தள்ளிப் போகப் போக நிலம் தாழும். மணல் மேடு ஆற்றோரம், களிமண் பள்ளம் தள்ளி.

ஆறு தனக்குத் தானே கட்டிக்கொண்ட வரப்பு அது. அந்த வரப்பின் மேல்தான் எங்கள் ஆற்றங்கரைத் தெரு இருக்கிறது. பழைய வீட்டுப் புறவாசலில் மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்தேன். உருட்ட வரவில்லை, மணலாக உதிர்ந்தது. அப்பா அன்று குச்சியால் குத்திப் பார்த்துச் சொன்னது குறை இல்லை, வழுக்குகிற களி என்றால் தண்ணீர் நின்று படிந்த இடம் என்ற செய்தி. எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.

1992-ல் நான் பார்த்ததும் பாதிதான். படி ஏறிய தண்ணீரை நினைவு வைத்திருந்தேன், மறுநாளே அது இறங்கியதை மறந்துவிட்டேன். வடக்கே வயல்களில் வாரக்கணக்கில் நின்று நெல் அழுகியதைத் தெருப்பெண்ணான நான் போய்ப் பார்க்கவே இல்லை. அப்பா பார்த்திருந்தார்.

அந்தப் பள்ளத்து நீருக்கும் முன்பு ஒரு வழி இருந்தது. தெற்கே ஆறு இருந்தாலும் மேடு மறிப்பதால் நேராக ஆற்றுக்குள் போக முடியாது. அதனால் ஒரு ஓடை, ஆற்றை ஒட்டியே கிழக்காக மூன்று கிலோமீட்டர் போய், மேடு குறைகிற இடம் பார்த்து ஆற்றில் சேரும். பெரிய குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அந்த ஓடையில்தான் விழும். சின்ன வயதில் நாங்கள் கெண்டை பிடித்த ஓடை அது. எங்கள் மனைப்பிரிவின் முப்பது அடி ரோடு அதன் குறுக்கேதான் போகிறது. ஓடைக்காக ரோட்டுக்கு அடியில் ஒரு சிமென்ட் குழாய் பதித்திருந்தார்கள். நான் அதை வெள்ளம் வடிந்தபிறகுதான் பார்த்தேன். ஒரு ஆள் படுத்தால் தோள் இடிக்கும், அவ்வளவு அகலம். ஒன்பது நாள் தண்ணீர் அந்தக் குழாய் வழியாகத்தான் மூச்சு வாங்கிக்கொண்டு போயிருக்கிறது.

அந்த நாட்களில் டிவியிலும் வாட்ஸ்அப்பிலும் அணையைத் திறந்தது பற்றித்தான் பேச்சு. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகள் மலைத் தண்ணீரைப் பிடித்து வைப்பவை. அவற்றுக்கும் கீழே, சமவெளியில் விழுகிற மழைக்கு எந்த அணையும் கிடையாது. ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி, எங்கள் ஸ்ரீவைகுண்டம். அணைக்கட்டு என்றால் தண்ணீரைத் தேக்கிவைக்கிற அணை இல்லை, மட்டத்தை உயர்த்தி வாய்க்காலுக்குத் திருப்பிவிடுகிற கட்டு. இந்த முறை மழை விழுந்தது சுளகின் வாய்ப்பக்கத்தில். குளம் உடைந்து கீழ்க்குளத்தை உடைக்க, அது அதற்கும் கீழ்க்குளத்தை உடைக்க, சங்கிலி போல. எங்கள் வீட்டுக்கு வந்த தண்ணீரில் எவ்வளவு ஆறு, எவ்வளவு குளம், எவ்வளவு வானம் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே தண்ணீர்தான் என்கிறார் அப்பா.

போன வருஷம் கோடை விடுமுறைக்குப் போயிருந்தபோது, அப்பாவைக் கொற்கைக்குக் கூட்டிப்போனேன். ஏரலிலிருந்து பக்கம்தான். ஆனாலும் அவர் போய் முப்பது வருஷம் ஆகியிருந்தது. பாண்டியர்களின் முத்துத் துறைமுகம், கிரேக்க மாலுமிகளின் குறிப்புகளில் வருகிற ஊர். இப்போது போனால் ஒரு சின்ன கிராமம், ஒரு குளம், குளத்துக்குள் வெற்றிவேல் அம்மன் கோயில், ரொம்பப் பழைய ஒரு வன்னிமரம், சுற்றி வாழை. கடல் எங்கே? கிழக்கே ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது.

கடல் போகவில்லை. ஆறுதான் தள்ளிவிட்டது. சுளகின் வாயில் விழுந்த வண்டல் சேர்ந்து சேர்ந்து, துறைமுகத்தைத் தூர்த்து, கடலை வெளியே நகர்த்திவிட்டது. கொற்கை தூர்ந்ததும் வியாபாரம் காயலுக்கு நகர்ந்தது. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்து பார்த்து, அரபுக் கப்பல்களும் குதிரைகளும் வந்து இறங்கும் பெரிய பட்டணம் என்று எழுதியது அதைத்தான். அது இன்றைய பழையகாயல் என்று சொன்னவர் கால்டுவெல். கொற்கையிலும் காயலிலும் தோண்டியும் பார்த்தவர் அவர். பிறகு காயலும் தூர்ந்தது. போர்ச்சுக்கீசியர் காலத்தில் புன்னைக்காயல். அதற்கும் பிறகு, ஆற்று வண்டல் எட்டாத தூத்துக்குடி. ஒரு ஆறு, துறைமுகத்தையே ஊர் ஊராகத் துரத்தியிருக்கிறது.

அப்பா வன்னிமரத்தடியில் உட்கார்ந்து, "அப்ப நம்ம ஊருக்குக் கிழக்க இருக்க வயலெல்லாம் கடலா?" என்று கேட்டார். "ஒரு காலத்தில" என்றேன். "அதான் கிணறு வெட்டுனா சிப்பி வருது" என்றார் சாவகாசமாக. எழுபத்தொன்பது வருஷமாக அந்தச் சிப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அதன் காரணம் கிடைத்ததில் ஒரு திருப்தி. எனக்கு வேறொன்று தோன்றியது. பட்டா, பத்திரம், வில்லங்கச் சான்று என்று நான் பார்த்துப் பார்த்துச் சரிபார்த்த நிலம், ஆறு மிச்சம் வைத்துவிட்டுப் போன கசடு. அதற்கு மேல் ஏறிவர அதற்கு என்னிடம் அனுமதி கேட்க வேண்டுமா?

திரும்புகிற வழியில், கொஞ்சம் சுற்றுதான் என்றாலும், ஆதிச்சநல்லூர் போனோம். தாழிகள் கிடைத்த இடத்தைப் பரம்பு என்கிறார்கள். சரளைக்கல் மேடு. ஏர் ஓட்ட முடியாது, நெல் விளையாது. செத்தவர்களை அந்த மேட்டில் புதைத்துவிட்டு, விளைகிற பள்ளத்தை விளைச்சலுக்கு விட்டிருக்கிறார்கள். "செத்தவனைக்கூட மேட்டுலதான் வச்சிருக்கான்" என்றார் அப்பா. என்னைக் குத்திக்காட்டினாரா, சும்மா சொன்னாரா என்று தெரியவில்லை. நான் காரின் கண்ணாடியை இறக்கி வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பழைய வீடு புயலில்லாத நாளில் சொர்க்கம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு முழங்கால் இன்னும் வலிக்கத்தான் செய்கிறது. நாலு படிக்குப் பக்கத்தில் சாய்தளம் ஒன்று போட்டு, நடைக்குப் பக்கத்தில் ஒரு கழிவறை கட்டினோம். செலவு ஒன்றேமுக்கால் லட்சம். 2017-லேயே இதைச் செய்திருக்கலாமே என்று என் கணவர் ஒருமுறைதான் சொன்னார். அந்த ஒருமுறையே போதும்.

புது வீட்டுக்கு வெள்ளை அடித்து, கதவு மாற்றி, விற்பதற்கு வைத்தோம். உள்ளே எல்லாச் சுவரிலும் தண்ணீர் நின்ற கோடு மறைந்துவிட்டது. சமையலறைக்குப் பின்னால் வெளிச்சுவரில் மட்டும் இருக்கிறது. பெயின்டர் அங்கே வந்தபோது அப்பா, "அதை விட்டுரு" என்று சொல்லிவிட்டாராம். எனக்குக் கோபம்தான் வந்தது. விற்கிற வீட்டில் யாராவது இப்படிச் செய்வார்களா?

தூத்துக்குடித் தம்பி நிம்மதியாகத் தலையாட்டிக்கொண்டு நின்றார். அவர் மனைவி குழந்தையை இறக்கிவிட, அது புது டைல்ஸில் தவழ்ந்து ஹாலைத் தாண்டிச் சமையலறைக்குப் போயிற்று. பின்கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, தண்ணீர் வந்த திசையைப் பார்த்துச் சிரித்தது.

"தம்பி, பின்னால ஒரு நிமிஷம் வாங்க" என்றேன்.

கோட்டைக் காட்டினேன். அவர் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். கோடு அவர் சட்டைப்பைக்கு நேராக வந்தது. குளம் எங்கே இருக்கிறது, ஓடை எங்கே போனது, குழாய் எவ்வளவு அகலம், எத்தனை நாள் நின்றது, எல்லாம் சொன்னேன். அவர் போனை எடுத்து அந்தச் சுவரைப் படம் பிடித்துக்கொண்டார். "யோசிச்சுட்டுச் சொல்றோம்கா" என்று பைக்கை எடுத்தார்கள். அந்தப் பெண் மட்டும் வளைவு தாண்டும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அவர்களிடமிருந்து போன் வரவில்லை. கடனில் இன்னும் ஆறேழு வருஷம் பாக்கி இருக்கிறது. இப்போதைக்கு அப்பா அந்த ஹாலில் வாழைத்தார் அடுக்குகிறார். ஐப்பசி பிறந்ததும் தார்களைக் காலி செய்துவிட வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறாராம். சாவி அம்மாவிடம்தான் இருக்கிறது.